பிரிந்து வாழும் பெற்றோரும் பின்தொடர்தலும்: நீதிமன்றம் குழந்தையை நோக்கும் முறை

முன்னுரை

காவிரிப் படுகையில் பணியாற்றும் போதகரிடம் குடும்பப் பிணக்கு ஒன்றேனும் வந்து சேராத மாதம் இல்லை எனலாம். கணவனோடு வாழ இயலாமல் தாய்வீடு திரும்பிய பெண், பிள்ளையைக் காண வழியில்லை என்று கண்ணீர் விடும் தகப்பன், இருவருக்கும் நடுவே திகைத்து நிற்கும் குழந்தை ஆகிய மூவரும் சபையின் பிள்ளைகளே. இவர்களுள் எவருக்கும் அநீதி செய்துவிடக் கூடாது என்னும் எண்ணமே போதகரைப் பல வேளைகளில் தவறான வழியில் இட்டுச் செல்கிறது. இதனை நாம் நூல்களிலிருந்து அன்று, நம்முடைய பிழையிலிருந்தே கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய சேகரத்தில் இளம் தாய் ஒருத்தி எட்டு வயது மகளுடன் கணவனை விட்டுப் பிரிந்து, தன் தாயார் ஊரில் தங்கியிருந்தாள். கணவர் நம்மிடம் வந்து, மனைவி திரும்பி வராவிடினும் மகளின் முகத்தையாவது காண உதவ வேண்டும் என்று மன்றாடினார். நாம் மனம் இரங்கினோம். ஞாயிறு பிற்பகலில் போதகர் இல்லத்தில் வைத்துக் குழந்தையைக் காட்டலாம் என்று அப்பெண்ணிடம் எடுத்துரைத்து, அவள் தயங்கியபோதும் இணங்கச் செய்தோம். மூன்றாம் சந்திப்பில் அவர் மகளுக்குக் கைப்பேசி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். நாம் அதைத் தகப்பனின் பாசமாகவே கண்டோம். பின்னர்தான் உண்மை வெளிப்பட்டது. குழந்தையின் படிப்பைப் பற்றி அவர் அதிகம் கேட்டதில்லை. அம்மா எத்தனை மணிப் பேருந்தில் போகிறாள், வீட்டுக்கு யார் வருகிறார்கள், இரவில் எந்த அறையில் உறங்குகிறீர்கள் என்பவையே அவர் கேட்ட கேள்விகள். அக்கைப்பேசியோ, அது இருக்கும் இடத்தை ஓயாமல் அவருக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தது. அதன்பின் அவர் பேருந்து நிறுத்தத்திலும், பள்ளி வாயிலிலும், சம்பா நடவின்போது வயல் வரப்பிலும் வந்து நின்றார். ஒருநாள் அப்பெண் நம்மிடம், "ஐயா, பிள்ளையைப் பார்க்க விடச் சொன்னீர்கள். அவர் பிள்ளையின் கண்ணைக் கொண்டு என்னைத்தான் பார்த்தார்" என்றாள். நாம் பதில் கூற இயலாது நின்றோம்.

இத்தகைய நிலையில் நீதிமன்றங்கள் எவற்றை ஆராய்கின்றன, குழந்தையை எவ்விடத்தில் வைத்து நோக்குகின்றன என்பதைப் போதகர்களும் இறையியல் மாணவர்களும் அறிந்திருத்தல் நலம். சட்டத்தொழில் செய்வோருக்குரிய நுணுக்கங்களை நாம் இங்கே கூறப் போவதில்லை. தீங்கு செய்யாதிருக்கப் போதுமான அளவு அறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பின்தொடர்தல் என்பது யாது?

ஒருவரை அவர் விருப்பத்திற்கு மாறாக மீண்டும் மீண்டும் தொடர்ந்து செல்வதும், தொடர்பு கொள்ள முயல்வதும், அவர் நடமாட்டத்தைக் கண்காணிப்பதும் பின்தொடர்தல் எனப்படும். இது நெடுங்காலமாக நம் நாட்டில் தனிக் குற்றமாகக் கருதப்படவில்லை. டெல்லியில் 2012 டிசம்பரில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் நீதியரசர் வர்மா தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, 2013ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-டி என்னும் பிரிவைச் சேர்த்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இதுவே 78ஆம் பிரிவாக அமைந்துள்ளது. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பின்னும் அவளைத் தொடர்ந்து சென்று மீண்டும் மீண்டும் தொடர்பு கொள்ளும் ஆணும், அவள் இணையம், மின்னஞ்சல் முதலிய மின்னணுத் தொடர்புகளைப் பயன்படுத்துவதைக் கண்காணிக்கும் ஆணும் இக்குற்றத்திற்கு உள்ளாவர். முதன்முறைக்கு மூன்று ஆண்டுகள் வரையும், மீண்டும் செய்தால் ஐந்து ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனையும், அபராதமும் உண்டு.

இப்பிரிவில் இரு செய்திகள் நோக்கத்தக்கவை. முதலாவது, குற்றவாளி அந்நியனாகவே இருத்தல் வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. பிரிந்து வாழும் கணவரும் இதில் அடங்குவார். இரண்டாவது, சூழ்நிலையை நோக்க நியாயமான நடத்தை குற்றமாகாது என்னும் விலக்கும் அதிலேயே உண்டு. "நான் மனைவியைத் தொடரவில்லை, என் பிள்ளையைப் பார்க்கவே சென்றேன்" என்று தகப்பன் கூறும் மறுமொழி இந்த விலக்கை நோக்கியே எழுகிறது. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆகவே பிரிந்த பெற்றோரிடையே எழும் பின்தொடர்தல் வழக்குகளில் குழந்தை வெறும் பார்வையாளராக நிற்பதில்லை. வழக்கின் மையத்திலேயே நிற்கிறது.

2. குழந்தை வழக்கினுள் வரும் மூன்று வாயில்கள்

முதல் வாயில் குற்றவியல் நீதிமன்றம். பின்தொடர்ந்தவர் குற்றம் புரிந்தாரா இல்லையா என்பதே அங்கு எழும் கேள்வி. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை அந்நீதிமன்றம் முடிவு செய்வதில்லை. மேலும் இக்குற்றம் முதன்முறை பிணையில் விடத்தக்கது. கணவர் மேல் புகார் கொடுத்துவிட்டோம், இனி அஞ்ச வேண்டியதில்லை என்று எண்ணிய பெண், மறுநாளே அவரைத் தெருமுனையில் கண்டு நடுங்குவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாம் வாயில் நீதித்துறை நடுவர் நீதிமன்றம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் 18ஆம் பிரிவின்படி நடுவர் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். பெண்ணின் வேலையிடத்துக்கோ, குழந்தை பாதிக்கப்பட்டிருப்பின் அதன் பள்ளிக்கோ எதிர்மனுதாரர் செல்லலாகாது என்றும், நேரிலோ கடிதத்தாலோ தொலைபேசியாலோ மின்னணு வழியாகவோ தொடர்பு கொள்ளலாகாது என்றும் அவ்வாணை தடுக்க வல்லது. 21ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. அதன்படி நடுவர் குழந்தையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் ஒப்படைத்து, தகப்பன் எவ்வாறு காணலாம் என்பதையும் வரையறுக்கலாம்; அச்சந்திப்பு குழந்தையின் நலனுக்குத் தீங்காகும் என்று கருதினால் அதனை அறவே மறுக்கலாம். அவசர நிலையில் எதிர்த்தரப்பைக் கேளாமலே இடைக்கால ஆணை வழங்கவும் 23ஆம் பிரிவு இடமளிக்கிறது. பாதுகாப்பு ஆணையை மீறுவது ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்; அது பிணையில் விடத்தகாத குற்றமும் ஆகும். முதல் வாயிலில் கிடைக்காத உடனடிக் காப்பு பல வேளைகளில் இவ்வாயிலில் கிடைப்பதன் காரணம் இப்போது விளங்கும். மணமுறிவு பெற்றுவிட்ட பின்னும், மணவாழ்வில் நேர்ந்த வன்முறைக்காகப் பெண் இச்சட்டத்தை நாடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியது.

மூன்றாம் வாயில் குடும்பநல நீதிமன்றம். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்நீதிமன்றம் தஞ்சாவூரிலும் உண்டு. குழந்தையின் பாதுகாப்புரிமை, சந்திப்புரிமை ஆகியவற்றை நிலையாக முடிவு செய்யும் இடம் இதுவே. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டத்தின் 41 முதல் 44 வரையுள்ள பிரிவுகளும், எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டமும் இங்கே வழிகாட்டுகின்றன. இச்சட்டத்தின்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுச் செய்தல் வேண்டும். மேல்முறையீட்டில் நம் பகுதியினர் அறிய வேண்டிய வேறுபாடும் ஒன்று உண்டு. தஞ்சாவூர் மாவட்ட வழக்கு, 2004 ஜூலை முதல் இயங்கிவரும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் செல்லும். அண்டையிலுள்ள திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வழக்குகளோ சென்னைக்குச் செல்லும்.

3. அடிப்படைக் கோட்பாடு: 1973ஆம் ஆண்டின் தீர்ப்பு

குழந்தையைப் பற்றிய வழக்குகளில் இந்திய நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கும் தீர்ப்பு ஒன்று, சென்னையில் வாழ்ந்த கிறிஸ்தவத் தம்பதியரின் வழக்கில் பிறந்தது என்பதை நம் மாணவர் பலர் அறியார். சட்ட நூல்கள் அதனை ரோசி ஜேக்கப் வழக்கு என்று குறிக்கும். சென்னை உயர் நீதிமன்றம் 1970இல் மனைவிக்கு நீதிமுறைப் பிரிவினை வழங்கிய பின், மூன்று பிள்ளைகளும் யாரிடம் வளர்வது என்பது பற்றி ஒன்றுக்கொன்று மாறுபட்ட ஆணைகள் பிறந்தன. இறுதியில் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1973 ஏப்ரலில் அந்நீதிமன்றம் மகளையும் இளைய மகனையும் தாயிடம் ஒப்படைத்தது.

அத்தீர்ப்பின் கருத்தை நம் சொற்களில் கூறுவோமாயின், மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்லர், விளையாட்டுப் பொருளும் அல்லர் என்பது ஒன்று. தகப்பன் தகுதியற்றவர் அல்லர் என்று காட்டினால் மட்டும் போதாது. பிள்ளையின் நலன் எங்கே உள்ளது என்பதே முடிவை நிர்ணயிக்கும் என்பது இரண்டாவது. பிள்ளைகளைப் பற்றிய ஆணைகள் யாவும் இயல்பிலேயே தற்காலிகமானவை. நிலைமை மாறும்போது மாற்றத்தக்கவை என்பது மூன்றாவது.

பின்தொடர்தல் வழக்குகளுக்கு இம்மூன்றும் பொருந்துமாற்றைக் காண்போம். தகப்பனுக்குப் பிள்ளையின்மேல் உரிமை உண்டு என்பது வாதத்தின் முடிவு அன்று, தொடக்கமே. தாயைத் துன்புறுத்தினாலும் பிள்ளையை அடித்ததில்லை என்னும் விடையும் போதுமானதன்று. இன்று மறுக்கப்பட்ட சந்திப்பு, நடத்தை திருந்தினால் நாளை வழங்கப்படலாம். இன்று வழங்கப்பட்டது, தவறாகப் பயன்படுத்தப்பட்டால் நாளை நிறுத்தப்படலாம். சந்திப்பை நிறுத்துவது தகப்பனுக்கு விதிக்கும் தண்டனை அன்று. அதனை வழங்குவது அவருக்கு அளிக்கும் பரிசும் அன்று. இரண்டும் பிள்ளையை முன்னிட்டே செய்யப்படுகின்றன.

4. நீதிபதி எவற்றைச் சீர்தூக்குகிறார்?

1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குழந்தையின் வயது, பால், சமயம், காப்பாளராக வர விரும்புவோரின் நடத்தையும் ஆற்றலும், உறவின் நெருக்கம் முதலியவற்றை நோக்குமாறு கூறுகிறது. பெற்றோருள் ஒருவர் மற்றவரைப் பின்தொடர்ந்தார் என்னும் குற்றச்சாட்டு எழும்போது, இப்பொது அளவுகோல்களிலிருந்து கீழ்க்காணும் கேள்விகள் இயல்பாகவே பிறக்கின்றன.

முதலாவதாக, அது ஒருநாள் நிகழ்ச்சியா, தொடர்ந்த நடத்தையா? கோபத்தில் ஒருமுறை வாசலில் வந்து கூவியதும், மூன்று மாதமாக நாள்தோறும் பள்ளி வாயிலில் நின்றதும் ஒன்றல்ல. தனித்தனியே நோக்கினால் சிறியவையாகத் தோன்றும் செயல்கள், நாளும் நேரமும் குறித்து வரிசைப்படுத்தும்போதே தம் உண்மையான வடிவைக் காட்டும். ஆதலால் தேதியிட்ட குறிப்பும், பாதுகாத்து வைத்த குறுஞ்செய்தியும் வழக்கில் பெரிதும் பயன்படும்.

இரண்டாவதாக, குழந்தை வழியாகவா பின்தொடர்தல் நிகழ்கிறது? பிள்ளையைத் தூதாக அனுப்புதல், தாயைப் பற்றி வேவு கேட்டல், பரிசுப் பொருளால் இருப்பிடம் அறிதல், சந்திப்பு முடிந்தபின் தாயின் வாகனத்தைத் தொடர்தல் ஆகியன இவ்வகையின. இங்கே சந்திப்பே தீங்கின் கருவியாகிவிடுகிறது.

மூன்றாவதாக, அச்சம் குழந்தையின் வாழ்வை எவ்வாறு தொடுகிறது? தாய் ஓயாத அச்சத்தில் வாழும் வீட்டில் குழந்தை நிம்மதியாக உறங்காது. பள்ளி மாறுகிறது, தோழியர் மாறுகின்றனர், வாசலில் விளையாடுவது நின்றுவிடுகிறது. உடலில் காயமில்லாமையால் தீங்கு இல்லை என்று கூறிவிட இயலாது. குடும்ப வன்முறைச் சட்டமும், பெண்ணுக்கு அன்பானவர்களைத் துன்புறுத்துவதாகத் திரும்பத் திரும்ப மிரட்டுவதை மனவதையின் வகையாகவே கொள்கிறது.

நான்காவதாக, நீதிமன்றம் முன்னர்ப் பிறப்பித்த ஆணைக்கு அவர் கீழ்ப்படிந்தாரா? சனிக்கிழமை பத்து மணிக்குக் காணலாம் என்று ஆணை இருக்க, செவ்வாய் இரவு வீட்டைச் சுற்றி வந்தவர் குழந்தையைக் காணவே வந்தேன் என்றால், அம்மறுமொழி வலுவிழந்துவிடும். ஆணைக்கு அடங்கி நடந்தவரோ நம்பிக்கைக்குரியவராகிறார்.

ஐந்தாவதாக, நிலுவையிலுள்ள குற்ற வழக்கை எவ்வாறு கருதுவது? உச்ச நீதிமன்றம் 2008இல், தாயை இழந்த வங்காளச் சிறுவன் ஒருவனின் வழக்கில் இதனை ஆராய்ந்தது. மனைவியின் மரணம் பற்றிய குற்றச்சாட்டுத் தகப்பன்மேல் நிலுவையில் இருந்தது. தீர்ப்பு வரவில்லை என்பதற்காக அதனைக் கணக்கில் கொள்ளாது விடலாகாது என்றும், தகப்பனின் நடத்தையை நீதிமன்றம் நோக்கியே ஆக வேண்டும் என்றும் கூறி, சிறுவன் தாய்வழிப் பாட்டனார் பாட்டியாரிடமே வளருமாறு செய்தது. குற்றம் மெய்ப்பிக்கப்படாதவரை ஒருவரைக் குற்றவாளி என்று கூறலாகாது என்பது குற்றவியல் நீதி. ஆயினும் குழந்தையை எங்கே வைப்பது என்று முடிவு செய்பவர், நேரிடக்கூடிய ஆபத்தையும் எண்ணியே தீர வேண்டும்.

5. சந்திப்பின் படிகள்

சந்திப்பைத் தடையின்றி அனுமதித்தல், முற்றிலும் மறுத்தல் என்னும் இரண்டு வழிகளே உண்டு என்று சபையில் பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. இடையே பல படிகள் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் பிறர் முன்னிலையில் காணுதல், இருவருக்கும் பொதுவான நம்பிக்கைக்குரிய ஒருவர் குழந்தையை அழைத்து வந்து திரும்ப ஒப்படைத்தல், தாயும் தகப்பனும் நேருக்குநேர் சந்திக்காதவாறு நேரம் வகுத்தல், தாயின் முகவரி வெளிப்படாமல் காணொளி வழியே பேசுதல் ஆகியவை அத்தகையன.

உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பொன்றில், பெற்றோர் பிரிந்தாலும் இருவர் அன்பையும் பெறும் உரிமை குழந்தைக்கு உண்டு என்றும், மிகக் கடுமையான சூழ்நிலையிலன்றி ஒருவரின் தொடர்பை அறவே மறுக்கலாகாது என்றும், மறுக்கும்போது காரணம் கூற வேண்டும் என்றும், காணொளி முதலியவற்றாலும் தொடர்பைப் பேணலாம் என்றும் எடுத்துரைத்தது. இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையும் இவ்வாறே, இரு பெற்றோரோடும் தொடர்பு கொள்ளும் உரிமையைக் கூறிவிட்டு, அது குழந்தையின் மேலான நலனுக்கு மாறாக இருந்தாலன்றி என்று வரம்பு கட்டுகிறது. உரிமை குழந்தையுடையது என்பதை நாம் மறத்தலாகாது.

6. குழந்தையின் குரல்

சிந்தித்துத் தன் விருப்பத்தைக் கூறும் வயதுடைய குழந்தையின் கருத்தை நீதிமன்றம் கருதலாம் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. நீதிபதிகள் பலர் குழந்தையைத் தம் தனியறைக்கு அழைத்து, பெற்றோரும் வழக்கறிஞரும் இல்லாத நிலையில் உரையாடுவர். குடும்பநல நீதிமன்றம் உளநல வல்லுநரின் உதவியைப் பெறவும் சட்டம் இடமளிக்கிறது.

எனினும் குழந்தையின் சொல்லே தீர்ப்பாகிவிடாது. அஞ்சி வாழும் குழந்தை, அஞ்சத்தக்கவரிடமே போவேன் என்று கூறுவதும் உண்டு. அவரைச் சினமூட்டாதிருந்தால் அம்மா பிழைப்பாள் என்று அது எண்ணுகிறது. உடன் வாழும் பெற்றோர் கற்பித்ததைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கும் குழந்தையும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டில் ஒரு வழக்கில், ஒரு பெற்றோர் மற்றவர்மேல் குழந்தைக்கு வெறுப்பை ஊட்டும் தீங்கைப் பற்றியும் எச்சரித்தது. ஆகவே நீதிபதி குழந்தை சொன்னதை மட்டுமன்று, அது சொல்லிய விதத்தையும், சொல்லாமல் விட்டதையும் கவனிக்கிறார். குழந்தையிடம், உனக்கு யார் வேண்டும் என்று நேரே கேட்பதைக் காட்டிலும், பள்ளி விட்டதும் என்ன செய்வாய், எப்போது பயமாக இருக்கும் என்று கேட்பதே பயன் தரும் என்பது நம் அனுபவமும் ஆகும்.

7. பிற நாடுகளின் வழி

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பின்தொடர்தலைக் குற்றமாக்கும் முதற்சட்டம் 1990இல் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தது. அம்மாநிலத்தின் குடும்பச் சட்டம், கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் குடும்ப வன்முறை புரிந்ததாக நீதிமன்றம் கண்ட பெற்றோரிடம் குழந்தையை ஒப்படைப்பது நலமன்று என்னும் ஊகத்தோடு தொடங்குகிறது. அதற்கு மாறானதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவரையே சாரும். இங்கிலாந்தில் 1997ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டமும், குழந்தையின் நலனே தலையாயது என்னும் 1989ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. அந்நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டமோ, பெற்றோரிடையே நிகழும் வன்முறையைக் கண்டும் கேட்டும் அதன் விளைவை அனுபவித்தும் வாழும் குழந்தையைச் சாட்சி என்று கொள்ளாது, பாதிக்கப்பட்டவர் என்றே கொள்கிறது.

நம் சட்டத்தில் கலிபோர்னியாவைப்போல் எழுதப்பட்ட ஊகம் இல்லை. ஒவ்வொரு வழக்கையும் அதனதன் நிலையில் ஆராயும் சுதந்திரம் நம் நீதிபதிக்கு உண்டு. இது நன்மையே எனினும், உண்மைகளைத் தெளிவாக முன்வைக்கும் பொறுப்பு வழக்குத் தொடுப்பவர்மேல் மிகுதியாக விழுகிறது. எழுத்தறிவும் பொருள்வளமும் குறைந்த பெண்ணுக்கு இது எளிதன்று. இவ்விடத்தில்தான் சபையின் துணை வேண்டப்படுகிறது.

8. இருபுறமும் நோக்குதல்

பொய்க் குற்றச்சாட்டுகள் இல்லையோ என்று சிலர் கேட்பர். உண்டு, அவற்றைச் சோதிக்கவே விசாரணை இருக்கிறது. பிள்ளையைக் காணவிடாமல் ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கப்படும் தகப்பனின் துயரமும் மெய்யானதே. மனைவியே கணவனைப் பின்தொடர்ந்து தொல்லை செய்வதும் நிகழலாம். 78ஆம் பிரிவு ஆண் பெண்ணைத் தொடர்வதை மட்டுமே குற்றமாக்குவதால், அத்தகைய கணவர் மிரட்டல் முதலிய பிற பிரிவுகளையோ உரிமையியல் தடையாணையையோ நாட வேண்டியவராவார். நீதிமன்றம் இருவரையும் கேட்கிறது. போதகர் ஒருவரின் கண்ணீரை மட்டும் கண்டு முடிவு செய்கிறார். வேறுபாடு இங்கேயே உள்ளது. நாமும் அவ்வாறே செய்தோம்.

9. தஞ்சையின் பழைய சான்று

காப்பாளரின் கடமை எத்தகையது என்பதற்குத் தஞ்சையிலேயே ஒரு சான்று உண்டு. 1787இல் மன்னர் துளஜாஜி மரணத் தறுவாயில், தாம் சுவீகாரம் எடுத்த சிறுவன் சரபோஜியை மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் காப்பில் ஒப்படைத்தார். ஆட்சியைக் கைக்கொண்ட அமர்சிங் அச்சிறுவனுக்கு உறவினரே. எனினும் சிறுவன் கல்வியின்றி அடைபட்டுக் கிடந்தான். உறவினர் என்பதால் அவர் பொறுப்பிலேயே விட்டுவிடலாம் என்று சுவார்ட்ஸ் எண்ணவில்லை. கும்பினி அதிகாரிகளிடம் முறையிட்டு, 1793இல் அவனைச் சென்னைக்கு அனுப்பிக் கல்வி பெறச் செய்தார். 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் மறைந்தார். அவ்வாண்டிலேயே சரபோஜி அரியணை ஏறினார். தம் காப்பாளரின் நினைவாக அம்மன்னர் செய்வித்த சலவைக்கல் சிற்பம் தஞ்சைச் சிவகங்கைக் கோட்டையிலுள்ள ஆலயத்தில் இன்றும் உள்ளது. இதனை அரசியல் வரலாறாக மட்டும் நாம் வாசிக்கலாகாது. இரத்த உறவே பாதுகாப்புக்கு உறுதியாகாது என்பதையும், சில வேளைகளில் தூரமே காப்பாகும் என்பதையும் அந்நிகழ்ச்சி கற்பிக்கிறது.

சாலொமோன் மன்னனின் நியாயத்தீர்ப்பையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். குழந்தையைப் பிளக்கவும் உடன்பட்டவளிடம் அன்றி, அது பிழைக்கும்பொருட்டு அதை இழக்கவும் துணிந்தவளிடமே அக்குழந்தை சேர்ந்தது.

10. சபையும் போதகரும் செய்யத்தக்கன

முதலாவது, நீதிமன்ற ஆணை உள்ளதா என்று கேளாமல் எச்சந்திப்புக்கும் ஏற்பாடு செய்யலாகாது. ஆணை இருப்பின் அதன் எல்லையைக் கடத்தலாகாது. போதகர் இல்லமும் ஞாயிறு பள்ளியும் ஆணையைத் தாண்டும் புறவாசல் ஆகிவிடக் கூடாது. ஞாயிறு பள்ளி முடிந்ததும் எக்குழந்தையை யார் அழைத்துச் செல்லலாம் என்பதை எழுதி வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பெண்ணின் புதிய முகவரி, பணியிடம், பேருந்து நேரம் ஆகியவற்றை எவரிடமும் கூறலாகாது. நம் ஊர்களில் இது கடினமே. குறுவை நடவுக்கு எந்த வயலில் ஆள் இறங்குகிறார்கள் என்பதும் டீக்கடையில் பேசப்படும். ஆயினும் போதகரின் வாயிலிருந்து அது வெளிப்படலாகாது.

மூன்றாவது, ஒப்புரவாக்குதலுக்குக் காலம் உண்டு. அச்சத்தில் இருப்பவரை அச்சுறுத்துபவரோடு ஒரே அறையில் அமர்த்தி ஜெபிப்பது ஒப்புரவு ஆகாது. அங்கே அவள் ஆம் என்று கூறுவது இணக்கத்தால் அன்று, அச்சத்தால்.

நான்காவது, உதவி கிடைக்கும் இடங்களை அறிந்திருத்தல் வேண்டும். மாவட்டச் சமூகநல அலுவலகத்தைச் சார்ந்த பாதுகாப்பு அலுவலர் மனு எழுதவும் நடுவரிடம் சேர்க்கவும் துணைபுரிவார். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களும் குழந்தைகளும் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அதனை வழங்கும். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்னும் தொலைபேசி எண்கள் உண்டு.

ஐந்தாவது, தகப்பனைக் கைவிடலாகாது. அவரிடம் நாம் கூற வேண்டியது கடினமான ஆனால் அன்பான சொல். பிள்ளையைக் காண விரும்பினால் நீதிமன்றத்தின் முன்வாசல் வழியே செல்லுங்கள். ஆணைக்கு அடங்கி நடவுங்கள். அம்மாவைப் பற்றிக் கேளாமல் பிள்ளையோடு பிள்ளையைப் பற்றியே பேசுங்கள். அவ்வாறு ஓராண்டு நடந்தவருக்காக நீதிமன்றத்தில் சாட்சி கூறவும் நாம் தயங்கலாகாது.

முடிவுரை

குழந்தையின் நலன் என்பது சட்ட நூலில் சில சொற்களாகக் காணப்படுகிறது. பிள்ளையின் வாழ்விலோ அது பயமின்றிப் பள்ளி செல்வதும், பொய் சொல்ல வேண்டிய தேவையின்றி இரு பெற்றோரையும் நேசிப்பதும், தன் சொல்லால் தாய்க்குத் தீங்கு நேருமோ என்று நடுங்காமல் உறங்குவதுமாகும். நீதிமன்றம் இதனை எப்போதும் முழுமையாகக் கொடுத்துவிடாது. தாமதமும் தவறும் அங்கும் உண்டு. ஆயினும் அது கேட்கும் கேள்வி சரியான கேள்வி. பிள்ளை யாருக்கு உரியது என்று நாம் கேட்டுக்கொண்டிருந்தபோது, பிள்ளைக்கு உரியது எது என்று அது கேட்டது.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட தாய் பின்னர் நடுவரிடம் பாதுகாப்பு ஆணை பெற்றாள். தகப்பன் இன்று நீதிமன்ற வளாகத்தில், அலுவலர் முன்னிலையில், மாதம் இருமுறை மகளைக் காண்கிறார். கைப்பேசி திருப்பிக் கொடுக்கப்பட்டது. அண்மையில் ஆலய வாசலில் அச்சிறுமியைக் கண்டு நலம் விசாரித்தோம். "இப்போது அப்பா என் பாடத்தைப் பற்றிக் கேட்கிறார், ஐயா" என்றாள். நாம் செய்யத் தவறியதை ஒரு நீதிமன்ற ஆணை செய்தது. அதனை நன்றியோடும் வெட்கத்தோடும் இங்கே பதிவு செய்கிறோம்.